மிளகுக்கு ஒரு விலைப்புள்ளி

எங்கள் குடும்பத்தில் யாரும் எந்த அலுவலகத்திலும் கைகட்டி நின்றது கிடையாது. என் தகப்பனார் தமக்கு வரவேண்டிய ஓய்வூதியத்தைக்கூட, அது மரியாதையாக வீடு தேடி வரட்டும் என்று சொல்லி, கடைசிவரை போய்க் கேட்காமலே காலமானார். அது வரவும் இல்லை. அதை நாங்கள் நஷ்டமாக நினைத்ததும் இல்லை. வாசலில் அவர் பெயர் செதுக்கிய மரப்பலகை இருக்கிறது. அதைக் கடக்கும்போது தெருவில் நாலு பேர் குரலைத் தாழ்த்திக்கொண்டால் எங்களுக்கு அது போதும்.

ஆகவே, என் பேத்தியை அழைத்து வர, அவசரத்துக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அரசுக் குடும்ப நல மையத்துக்குள் நுழைந்தபோது, நான் எதையும் கேட்க வரவில்லை, என்னுடையதை எடுத்துப்போக வந்திருக்கிறேன் என்பது நடையிலேயே தெரியும்படி நடந்தேன். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து தலை நரைத்தவனுக்கு அது பெரிய காரியமில்லை. தெருப் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'அட்டென்ஷன்'. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். கேட்காதது போல நடப்பதும் ஒரு பயிற்சிதான்.

விஷயம் இதுதான். மகளுக்குத் திடீரென்று குடல்வால் வெடித்து, அவசர ஆபரேஷன். அவள் மீன் பதப்படுத்தும் கம்பெனியில் குளிர் அறையில் வேலை பார்க்கிறாள். மருமகன் வெளியூரில் இருக்கிறார். எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை, கேட்கும்படி நான் முகத்தை வைத்துக்கொள்வதும் இல்லை. மருத்துவமனையில் துணைக்கு நான் ஒருவன்தான். ஆறு வயதுப் பிள்ளையை எங்கே விடுவது?

"மையத்துல விடுப்பா. நான் வீட்டுக்கு வந்ததும் கூட்டிட்டு வந்துடலாம்" என்றாள் மகள். நம் வீட்டுப் பிள்ளை ஊரார் போடும் சோற்றுக்கு வரிசையில் உட்காருவதா என்று தொண்டை வரை வந்தது. ஸ்ட்ரெச்சரில் கிடப்பவளிடம் கௌரவம் பேச முடியாது. விட்டுவிட்டு வந்தேன்.

பேத்திக்கு வீட்டில் மிளகு என்று பெயர். உருவம் அவ்வளவுதான், வாய் அதற்கேற்ற காரம். அவளுக்குத் தலை பின்னிவிடுவது என் பொறுப்பு. வகிடு நேர்கோடாக இருக்க வேண்டும். இரண்டு பின்னலும் அணிவகுப்பில் நிற்பவை போல ஒரே உயரத்தில் முடிய வேண்டும். "தாத்தா, நீ பின்னினா கன்னம் இழுக்குது, சிரிக்கக்கூட முடியல" என்பாள். மையத்தில் விட்ட அன்று காலையிலும் நான்தான் பின்னினேன்.

அன்று அங்கே ஓடாத மின்விசிறி ஒன்றும், எல்லாப் பிள்ளைகளையும் ஒரே சுருதியில் அதட்டிய வார்டன் அம்மா ஒருவரும் இருந்தார்கள். இப்போது இரண்டையும் காணவில்லை. கண்ணாடிக் கதவு, வாசனைத் தெளிப்பு, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத சோபா. எழுந்து நிற்பதையே வாழ்க்கையாகக் கொண்டவன், நான் உட்காரவில்லை.

"வணக்கம் சார்! குடுக்கிற பக்கமா, எடுக்கிற பக்கமா?" என்று கேட்டாள் மேசைக்குப் பின்னால் இருந்த பெண். அவள் மார்பில் 'உறவு அலுவலர்' என்று எழுதியிருந்தது.

"என் பேத்தியைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்மா."

"அப்ப எடுக்கிற பக்கம். டோக்கன் வாங்கிக்கங்க."

"பேத்திக்கு எதுக்கு டோக்கன்?"

"டோக்கன் பேத்திக்கு இல்ல சார், உங்களுக்கு. பேத்திக்கு நம்பர் போட்டாச்சு."

மையத்தை அரசாங்கம் ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டதாம். நான் மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாட்களில்தான் அது நடந்திருக்கிறது. எல்லாம் முன்பு போலத்தான், இன்னும் நன்றாக இருக்கும் என்று சுவரில் எழுதியிருந்தார்கள்.

"இந்தப் பிள்ளைக்கு இதுவரைக்கும் சேவை குடுத்துட்டு இருந்தது யாரு சார்?"

"சேவையா? அவ அம்மா வளர்த்தா."

"அவங்கதான். முன்னறிவிப்பு இல்லாம நடுவுல நிறுத்தியிருக்காங்க."

"குடல்வால் வெடிச்சுதும்மா."

"கேக்கவே கஷ்டமா இருக்கு சார்" என்றாள். உண்மையிலேயே முகம் வாடியது. "ஆனா முன்னறிவிப்பு இல்லையே. அதனால அவங்க பேரைக் கறுப்புப் பட்டியல்ல சேர்த்திருக்கு. நீங்க வேணா புது வழங்குநரா டெண்டர் போடலாம். யார் குறைஞ்ச செலவுல வளர்க்கிறாங்களோ, அவங்களுக்குப் பிள்ளை. கம்பெனிங்களும் போடுவாங்க. பயப்படாதீங்க, எல்லாருக்கும் சம வாய்ப்பு."

எங்கள் குடும்பத்தில் இதுவரை பட்டியலில் பெயர் வந்தது வாக்காளர் பட்டியலில் மட்டும்தான். நான் உறையையும் தாளையும் வாங்கினேன். எவ்வளவுக்கு வளர்ப்பேன் என்று ஒரு விலைப்புள்ளி எழுத வேண்டும். மூச்சு விடும் நேரத்தில் எழுதிவிட்டேன். பூஜ்யம். அதைப் பெரிதாக, வட்டமாக, பள்ளிக்கூட மைதானத்தில் சுண்ணாம்புக்கோடு போடுவது போலப் போட்டேன்.

பக்கத்தில் ஒரு பெண் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் தையல்காரர்களின் அளவு நாடா தொங்கியது. கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்க வேண்டும்.

"ஐயா, பூஜ்யம் போடாதீங்க" என்றாள் மெதுவாக.

"ஏம்மா?"

"நானும் முதல்ல அதான் போட்டேன். எம் பையனுக்கு. உள்ள கூப்பிட்டுப் பேசுவாங்க. பேசினா தலை சுத்தும்."

தலை சுற்றுகிறவர்கள் வேறு ஆட்கள் என்று நினைத்துக்கொண்டு உறையை ஒட்டினேன்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

இயக்குநரின் மேசைமேல் எதுவும் இல்லை. ஒரு பேனாகூட இல்லை. அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். இவ்வளவு மரியாதை கிடைத்தால் யாருக்கும் சற்றுப் பயம் வரும்.

"பெரியவரே, பூஜ்யம் எழுதியிருக்கீங்க."

"ஆமா. எங்களுக்கு யார் காசும் வேண்டாம்."

"அதுதான் எங்களுக்குக் கவலையா இருக்கு." குரலில் கனிவு வழிந்தது. "காசுக்காகப் பிள்ளையைக் கேக்கிறவரை நம்பலாம். அவருக்கு என்ன வேணும்னு தெளிவாத் தெரியும். காசே வேண்டாம்னு ஒருத்தர் பிள்ளையைக் கேட்டா? அவருக்கு என்ன வேணும்?"

"பேத்தி வேணும்."

"பாத்தீங்களா!" என்று பெருமூச்சு விட்டார். "சரி, சாப்பாட்டுச் செலவு?"

"என் பென்ஷன்ல."

"உழைப்பு? குளிப்பாட்டுறது, பின்னிவிடுறது, ராத்திரி காய்ச்சல் வந்தா முழிச்சிருக்கிறது?"

"நாங்களே பாத்துக்குவோம்."

"சம்பளம் இல்லாம? எப்படி முடியுது உங்களால?"

"பாசம்னு ஒண்ணு இருக்கே ஐயா" என்றேன். அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. எங்கள் வீட்டில் அதைச் செய்வோம், சொல்ல மாட்டோம்.

இயக்குநர் கண்ணை மூடித் திறந்தார். "பாசம். அதாவது மறைமுக மானியம். பெரியவரே, என் கம்பெனி ஆட்களுக்குப் பாசம் கிடையாது. அவங்க எல்லாத்தையும் காசு குடுத்து வாங்கணும். நீங்க பாசத்தை வச்சுக்கிட்டுப் போட்டிக்கு வந்தா அது நியாயமா? யோசிச்சுப் பாருங்க. ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு அம்மா. இதுக்கு என்ன பேரு? ஏகபோகம்! போட்டியே இல்லாத இடத்துல தரம் எங்கேருந்து வரும்? முன்னாடி இந்த மையத்துல பிள்ளைங்களைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிட்டா நல்ல அலுவலர்னு பேராம். எந்த ஓட்டல்காரராவது ரூம் காலியாச்சுன்னு சந்தோஷப்படுவாரா? நாங்க வந்தப்ப பாதிக் கட்டில் காலி. இப்ப ஒண்ணுகூடக் காலி இல்ல. இதை நான் பெருமையா சொல்லலை. பிள்ளைங்களுக்கு எங்க மேல இருக்கிற நம்பிக்கையைச் சொல்றேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கலக்கியது. பொய் சொல்கிறவன் கண் ஓரிடத்தில் நிற்காது. இவர் கண் என் முகத்தைவிட்டு நகரவே இல்லை.

"நியாயமான விலை போட்டு எழுதுங்க. வீட்டைப் பார்க்க ஆய்வாளர் வருவார். மானியம் எதுவும் கண்ணுல படாம இருந்தா உங்களுக்கும் வாய்ப்பு இருக்கு" என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

போகும் வழியில் பார்வையாளர் அறை. ஐந்து நிமிடம் அனுமதித்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிளகு வந்து நின்றாள். அவளுக்கு முழங்கால் வரை தொங்கும் கம்பெனி பனியன், அதன்மேல் எண். நான் போட்ட பின்னல்கள் இன்னும் அவிழவில்லை. கொஞ்சம் பிசிறியிருந்தன. ஒரு பின்னல் ஏறி, ஒன்று இறங்கியிருந்தது. அவளே ரிப்பனை இறுக்கிக் கட்டியிருக்கிறாள்.

கண்ணாடியில் சின்ன ஓட்டை இருந்தது. அதில் வாயை வைத்துப் பேசினாள்.

"அம்மாவுக்கு வயித்துல ஜிப் வச்சுட்டாங்களா தாத்தா?"

"தையல் போட்டிருக்கு. வீட்டுக்கு வந்துட்டா. நீ நல்லா இருக்கியா?"

"இரு, இரு, சத்தமாப் பேசாத." இரண்டு பக்கமும் பார்த்தாள். "இங்க அழுதா எக்ஸ்ட்ரா. ஆயா வந்து தட்டிக் குடுக்கணும்ல, அதுக்கு வீட்டுக்குப் பில்லு போகுமாம். அந்தக் குண்டுப் பையன் முதல் நாள் பூரா அழுதான், அவங்கம்மாவுக்கு இவ்ளோ நீளம் பில்லு."

"நீ?"

"நான் அழவே இல்லையே!" என்றாள் பெருமையாக, முதுகை நிமிர்த்திக்கொண்டு. "உனக்கு எல்லாம் மிச்சம்."

என் பரம்பரையில் அதைவிட நேராக யாரும் நின்றதில்லை. நான் வெளியே வந்து கண்ணாடிக் கதவின் கைப்பிடியைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் தாளை எடுத்து உட்கார்ந்தேன். மகள் தலையணையை வயிற்றோடு அணைத்தபடி சாய்ந்திருந்தாள். குளிப்பாட்ட ஒரு விலை, ஊட்ட ஒரு விலை என்று எழுதினேன்.

"அப்பா, பின்னி விடுறதுக்கு என்ன எழுதப்போற?"

"நீயே சொல்லு."

"ரொம்ப மலிவா எழுதிடாத. தெரிஞ்சா கோவிச்சுக்குவா." சிரிக்க ஆரம்பித்தவள், தையல் இழுத்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டாள். பிறகு, "என் பேரை எங்கேயும் போட்டுடாதப்பா" என்றாள். "அந்தப் பட்டியல்ல இருக்கிற பேரு. பார்த்தா தர மாட்டாங்க."

பெற்றவள் பெயரை மறைத்துப் பிள்ளையைக் கேட்கும் நிலைக்கு எங்கள் வீடு வந்தது. நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

ஆய்வாளர் ஒல்லியான இளைஞர், நல்ல பிள்ளை, தண்ணீர் கொடுத்தபோது இரண்டு கையாலும் வாங்கினார். குடித்துவிட்டு, "இது உபசாரமா, இல்ல விலைக்கா?" என்று கேட்டார். எனக்கு அதற்குள் பழகிவிட்டது. "விலைக்குத்தான் தம்பி, கணக்குல சேர்த்துக்குவேன்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

"ராத்திரி கதை சொல்றது யாரு?"

"வீட்டுல உள்ளவங்க."

"எங்க வாங்கினது?"

"எது?"

"கதை."

"வாங்கலை தம்பி. நாங்களே கட்டிச் சொல்றதுதான்."

"வீட்டுலயே உற்பத்தி" என்று முணுமுணுத்துக் குறித்துக்கொண்டார். "தரச்சான்று இல்லாம. அதை நிறுத்திடுங்க. பிள்ளை சாயங்காலம் எங்க உட்காரும்?"

"என் மடியில."

"மடி. கொள்ளளவு எவ்வளவு?"

"ஒரு ஆள்."

"இப்ப?"

"காலி."

"காலியா இருக்கிற நாளுக்கு நஷ்டம் காட்டியிருக்கீங்களா சார்?"

உள்ளறையில் மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பது கேட்டது.

கடைசியாக வாசலுக்கு வந்து என் தகப்பனாரின் பெயர்ப்பலகையைப் பார்த்தார். இந்த வீடு இனி கம்பெனியின் கிளையாகிவிடும், அந்த இடத்தில் கம்பெனி பலகை வரவேண்டும், குடும்பப் பெயர் தெரிவது வாடிக்கையாளர்களைக் குழப்பும் என்றார். ஆள் அனுப்பிக் கழற்றித் தருவதாகவும் சொன்னார். வேண்டாம் என்றேன். எங்கள் வீட்டுப் பலகையில் வெளியாள் கை படக்கூடாது. நானே ஸ்டூல் போட்டு ஏறித் திருகாணிகளைக் கழற்றினேன். பலகைக்கு அடியில் சுவரில் அதன் அளவுக்குச் சுண்ணாம்பு படாத இடம் ஒன்று இருந்தது. அதைத் தகப்பனார் பார்த்திருந்தால் என்னோடு பேசியிருக்க மாட்டார். பேத்தி வரட்டும், அவரை நான் சமாதானப்படுத்திக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

புது விலைப்புள்ளியைக் கொடுக்கப் போனபோது தையல்காரப் பெண் மையத்தின் வாசலில் எதிர்ப்பட்டாள்.

"பையன் கிடைச்சிட்டானாம்மா?"

"ஒரு பிள்ளை வந்திருக்குங்க" என்றாள்.

"நல்லதாப் போச்சு."

"சமத்தா இருக்கான். சொன்ன பேச்சுக் கேக்கிறான்." அளவு நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தவள் கண்ணாடிக் கதவைப் பார்த்துவிட்டு நடந்துவிட்டாள். கைவிட்டுப்போன பிள்ளை கிடைத்தவள் முகமா இது, இந்தக் காலத்துப் பெண்களுக்குச் சந்தோஷப்படக்கூடத் தெரியவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

டெண்டர் எனக்கே கிடைத்தது. இயக்குநர் நேரில் கைகுலுக்கினார். "உங்களை மாதிரிப் பெரியவங்க சந்தைக்கு வந்தது எங்களுக்குப் பெருமை" என்றார். நானும் நன்றி சொன்னேன். வாழ்நாளில் முதல் முறையாக ஓர் அலுவலகத்தில் நன்றி சொன்னேன்.

மறுநாள் காலை மகள் வலியைப் பொறுத்துக்கொண்டு எழுந்து, வாசலுக்கு நாற்காலி கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்தாள். நான் சீப்பையும் புது ரிப்பனையும் எடுத்து வைத்துக்கொண்டேன். தெரு முழுக்க ஜன்னலுக்கு ஒரு தலை தெரிந்தது. வேன் வந்து, கம்பெனி ஆட்கள் மாட்டிவிட்டுப் போன புதுப் பலகைக்குக் கீழே நின்றது. ஆய்வாளர் இறங்கி, கையைக் கொடுத்து ஒரு பிள்ளையை இறக்கினார்.

பனியன் அதேதான். உள்ளே இருந்தது மிளகு இல்லை.

"தம்பி, ஆள் மாறிப்போச்சு" என்றேன்.

"இல்ல சார், சரியாத்தான் இருக்கு." தாளைக் காட்டினார். "நீங்க எடுத்தது ஒரு பெண் குழந்தை, ஆறு வயசு. வந்திருக்கிறது ஒரு பெண் குழந்தை, ஆறு வயசு. எந்தக் குழந்தைன்னு எங்கேயாவது இருக்கா?"

"என் பேத்தி தம்பி! பேத்தின்னு சொல்லித்தானே இவ்வளவும்..."

"அதனாலதான் சார். சொந்தப் பிள்ளையைச் சொந்தக்காரங்ககிட்டயே குடுத்தா பாரபட்சம் வந்துடும். விதி இடம் குடுக்காது. உங்க பேத்திக்கு ஒண்ணும் குறையில்ல, நல்ல குடும்பத்துலதான் போட்டிருக்கு. அவங்களும் உங்களை மாதிரித்தான், அவங்க பிள்ளைக்காக எழுதிப் போட்டவங்க."

நாற்காலி பின்னால் விழும் சத்தம் கேட்டது. மகள் எழுந்து நின்றிருந்தாள். "எங்க? எந்த வீடு?"

"அதைச் சொன்னா போட்டி கெட்டுடும்கா" என்றார் ஆய்வாளர். தாழ்ந்த குரலில் சொன்னார், பாவம், அவருக்கும் அக்கா இருந்திருக்கலாம். பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், இந்தப் பிள்ளை வேண்டாம்னா இப்பவே எடுத்துட்டுப் போயிடுவேன். அடுத்ததா இருக்கிறது உங்களைவிடக் குறைஞ்ச விலைக்கு எழுதினவங்க. அவங்க தகுதியிலதான் கொஞ்சம் குறை. அப்புறம், பாசம் காட்டினது தெரிஞ்சாலும் எடுத்துடுவோம். ஒரு வாரத்துக்கு வண்டி இந்தத் தெருவுலதான் நிக்கும்."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று பிற்பாடு தெருவில் பலரும் சொன்னார்கள். அவர்களில் ஒருவர்கூட அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் பார்த்தவர் இல்லை. அது மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டு, நேராக நின்றது. மிளகு நின்றாளே, அதே மாதிரி.

கதவை அகலத் திறந்தேன்.

உள்ளே வந்து கூடத்தின் நடுவில் நின்றாள். உட்காரச் சொன்னால் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தால் குடித்தாள். தலையைப் பார்த்தேன். வகிடு கோணல். பின்னல் ஒன்று தடியாகவும் ஒன்று மெலிதாகவும் இருந்தது. நாட்கணக்கில் கலைந்தும் அவிழ்க்காமல் காப்பாற்றி வைத்திருக்கிறாள். யாரோ வேலைக்குப் போகும் அவசரத்தில், வாயில் ரிப்பனைக் கடித்துக்கொண்டு பின்னியது. சீப்பை எடுத்தேன். சற்று நேரம் வைத்திருந்துவிட்டுக் கீழே வைத்தேன். இந்நேரம் எங்கேயோ ஒரு வீட்டில், ஒருவேளை இதே கோணல் வகிட்டை எடுத்த கையே, மிளகின் பின்னலுக்கு நேரே சீப்போடு நின்றுகொண்டிருக்கலாம்.

"இங்க அழுதா எவ்வளவு?" என்று கேட்டாள் அந்தப் பிள்ளை.

"இந்த வீட்டுல அதுக்குக் காசே கிடையாதும்மா. இலவசம்."

உடனே ஓர் அடி பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "இலவசமா குடுக்கிறவங்க கிட்ட போகக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. அவங்களுக்கு வேற ஏதோ வேணுமாம்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் சட்டைப்பைக்குள் கைவிட்டேன்.

"சரி. ஒரு காசு" என்றேன்.

"எங்கம்மா கட்டணுமா?"

"வேண்டாம். நானே கட்டிட்டேன்." நாணயத்தை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

அவள் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். செல்லும் என்று தெரிந்ததும் விரல்களை இறுக மூடிக்கொண்டு, வாயைத் திறந்து, அழத் தொடங்கினாள். இவ்வளவு சின்ன உடம்பில் இவ்வளவு சத்தம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். வண்டி தெருமுனையில்தான் நின்றது. அதன் கதவு திறந்து மூடும் ஓசை கேட்டது. நான் வாசலுக்குப் போய்க் கம்பெனிப் பலகைக்குக் கீழே, எவன் வந்தாலும் முதலில் என்னைத்தான் தாண்ட வேண்டும் என்பது போல, அட்டென்ஷனில் நின்றேன்.